ஜன்னலை மறந்த மெழுகுவர்த்தி: 'மிடில்மார்ச்' தம்பதியும் தொல்படிம வாசிப்பும்

ஒரு நாவலில் வரும் கசந்துபோன கல்யாணத்தைத் தொல்படிம உளவியல் (எல்லா மனங்களிலும் திரும்பத் திரும்ப எழும் வடிவங்களைப் பேசும் உளவியல்) கொண்டு வாசிக்கப்போவதாகக் கிளம்பும் கட்டுரைகள் பலவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கணவனுக்கு ஒரு தெய்வத்தின் பெயர், மனைவிக்கு ஒன்று, நடுவில் வந்து நிற்பவனுக்கு இன்னொன்று. சீட்டு ஒட்டியாயிற்று, கடையைக் கட்டலாம். அந்த இருவரும் ஒரு குறிப்பிட்ட காலையில், ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக ஏன் முகம் சிவந்து நின்றார்கள் என்பது மட்டும் விளக்கப்படாமலே கிடக்கும்.

இந்தத் தவறையே தன் கதைக்குள் வைத்திருக்கும் நாவல் ஒன்று உண்டு. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்', 1871 டிசம்பரிலிருந்து 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. கதை நடப்பது அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னால், 1829க்கும் 1832க்கும் இடையில். அதில் வரும் எட்வர்ட் கசோபன் என்ற பாதிரியார் உலகத்துத் தொன்மங்கள் அத்தனையையும் திறக்கும் ஒரே சாவியைச் செய்துகொண்டிருக்கிறார். எழுதப்போகும் நூலுக்கு அவர் வைத்திருக்கும் பெயரும் அதுதான்: 'அனைத்துத் தொன்மங்களுக்குமான திறவுகோல்'. குறிப்பேடுகள் அடுக்கடுக்காக வளர்கின்றன, நூல் வரவில்லை. அந்த நூலுக்குத் துணையாக இருப்பதே வாழ்வின் பயன் என்று நம்பி அவரைக் கட்டிக்கொள்கிறாள் டோரத்தியா புரூக், இன்னும் இருபது நிரம்பாதவள். அவருக்கு 45க்கு மேல். 27 வயது வித்தியாசம் இருக்குமே என்று அவளை வளர்க்கும் பெரியவர் புரூக் கணக்குப் போட்டுச் சொல்கிறார். அவள் காதில் அது விழுவதில்லை.

ஆகவே இந்தத் தம்பதியைத் தொல்படிமம் கொண்டு வாசிக்க வருகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, கசோபனின் நாற்காலியில்தான் உட்காருகிறார். இந்த ஒப்புமை மேலோட்டமானதும் அல்ல. கசோபனின் வாதம் மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லப்படுகிறது: ஆதியில் அருளப்பட்ட ஒரே மரபு, அது சிதைந்து சிதறியதுதான் உலகத்துத் தொன்மங்கள். அன்றைய ஐரோப்பாவில் இது பலர் பேசிய பேச்சு. இங்கிலாந்தில் ஜேக்கப் பிரையன்ட் 1770களில் இந்தத் தடத்தில் பெரிய நூல் எழுதினார்; நாவலுக்குள் கசோபனைக் கிண்டல் செய்யும்போது அவர் பெயரே வருகிறது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் கிராய்சர் 1810 முதல் தன் தொகுதிகளை வெளியிட்டார். அதே கிராய்சரைத்தான் 1909இல் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் தேடிப் பிடித்து, வெறிபிடித்தவர்போலப் படித்தார். பிராய்டுக்கு அந்த ஆண்டு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். அந்தப் படிப்பிலிருந்து 1912இல் வந்த நூலோடு பிராய்டை விட்டு விலகும் பாதையும் தொடங்கிவிட்டது. யுங் செய்த மாற்றம் ஒன்றே. பொதுவான ஊற்று வரலாற்றின் தொடக்கத்தில் இல்லை, ஒவ்வொரு மனத்தின் அடியிலும் இருக்கிறது என்றார். அந்த ஊற்றுக்குக் கூட்டு நனவிலி என்றும், அதில் திரும்பத் திரும்ப எழும் வடிவங்களுக்குத் தொல்படிமங்கள் என்றும் பெயர் வைத்தார். (தமிழில் ஆழ்படிமம் என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றே.)

அடுத்த தலைமுறையில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஹில்மன் இன்னொரு திருப்பம் கொடுத்தார். 'தொல்படிம உளவியல்' என்ற பெயரை 1970இல் முன்வைத்தவர் அவர். மனத்துக்கு ஒரே மையம் உண்டு, எல்லாப் படிமமும் அதை நோக்கியே போகின்றன என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பல தெய்வங்கள், பல பார்வைகள், ஒன்று மற்றதற்குள் அடங்காது. அவர் பள்ளியில் அடிக்கடி காதில் விழும் கட்டளை: படிமத்தை விட்டு நகராதே. பாம்பு கனவில் வந்தால் அதைக் காமம் என்றோ ஞானம் என்றோ மொழிபெயர்த்துத் தூக்கிப் போடாமல், அந்தப் பாம்பின் நிறம், அது போன திசை, அது நெளிந்த விதம் ஆகியவற்றோடு இரு என்பது பொருள். கசோபனின் திறவுகோலுக்கு நேர் எதிரான மருந்து இது.

பெயர் வைக்கும் முன்

வாசிப்பு முறையில் முதல் விதி எளிது, ஆனால் கடைப்பிடிக்கக் கடினம். முதல் சுற்றில் எந்தத் தெய்வத்தின் பெயரையும் எழுதக் கூடாது. இந்தக் கல்யாணம் நாவலின் 86 அத்தியாயங்களிலும் பரவியிருக்கவில்லை. 1 முதல் 10 வரை, பிறகு 19 முதல் 22, 28, 29, 42, 48, 50, 54, கடைசியில் 80, 83. இவ்வளவைக் கையில் பென்சிலோடு படித்து, உடம்பு, வெளிச்சம், பொருள், இடம் என்ற நான்கு தலைப்பில் வருவதை எல்லாம் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். கருத்தைக் குறிக்கக் கூடாது, பொருளைத்தான் குறிக்க வேண்டும். நிலத்தையும் கருப்பொருளையும் வைத்து மனத்தைச் சொல்லும் மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிய வேலையும் அல்ல. உள்ளுறை படிக்கத் தெரிந்தவர், யானை தின்ற மூங்கில் என்ற வரியைக் கண்டதும் யானையைப் பார்ப்பார். 'இது ஆண்மையின் குறியீடு' என்று கையை உதறிவிட்டுப் போக மாட்டார்.

அப்படிப் பொறுக்கினால் என்ன கிடைக்கிறது? கசோபனுக்குச் சாம்பல் கலந்த தலைமுடி, ஆழக் குழிந்த கண்கள். தத்துவ ஞானி லாக்கின் ஓவியம்போல் இருக்கிறார் என்று டோரத்தியா வியக்கிறாள். தங்கை சீலியாவுக்கோ மருவில் முளைத்த முடியும், சூப் குடிக்கையில் கரண்டி உரசும் ஓசையும்தான் தெரிகின்றன. ஊர்வாய் திருமதி காட்வாலடர் அவர் ரத்தத்தில் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்தார்களாம், அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்ததாம் என்கிறாள். தன் உணர்ச்சியின் ஓடையில் இறங்கிக் குளிக்கலாம் என்று எண்ணிய கசோபன், அது கணுக்கால் நனையாத வாய்க்கால் என்று கண்டு, கவிஞர்கள்தாம் ஆண்களின் காதலை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறார். (இந்த இடத்தில் சிரிக்காதவர் நாவலை மூடி வைத்துவிடலாம்.)

டோரத்தியாவின் பக்கம் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெட்டி திறக்கிறது. செத்துப்போன அம்மாவின் நகைகள். எதுவும் வேண்டாம், எல்லாம் நீயே எடுத்துக்கொள் என்று தங்கைக்குத் தள்ளிவிடுகிறவள், மேகம் விலகி வெயில் விழுந்து மரகதம் மின்னியதும் கை நீட்டி மோதிரத்தையும் வளையலையும் எடுத்துக்கொள்கிறாள். எடுத்த பிறகு தன் ஆசைக்கு மதச்சாயம் பூசி நியாயம் தேடுகிறாள். இந்த ஒரு காட்சி போதும். துறவியாக இருக்க விரும்பும் மனத்துக்கும் வெயிலில் மின்னும் கல்லுக்கு நீளும் கைக்கும் இடையில் என்ன நடக்கப்போகிறது என்பதுதான் அடுத்த எண்பது அத்தியாயம்.

ஏற்றிப் பார்த்தல், இரண்டு பக்கமும்

தன் மனத்துக்குள் கிடப்பதை எதிராளியின் மேல் ஏற்றி, அது அவருடையது என்று நம்புவதை யுங் பள்ளி காதலின் தொடக்கமாகவே கருதுகிறது. 'மிடில்மார்ச்' அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே அந்தக் காரியத்தைத் துல்லியமாக எழுதியிருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், கசோபனின் மனம் என்னும் அளக்கப்படாத நீர்த்தேக்கத்துக்குள் டோரத்தியா எட்டிப் பார்க்கிறாள். தான் கொண்டுவந்த குணங்கள் அத்தனையும் அங்கே வளைந்து வளைந்து நீளும் பாதைகளாகப் பிரதிபலிப்பதைக் காண்கிறாள். தேக்கத்தின் ஆழம் அவளுக்குத் தெரியாது. தெரிவது அவள் முகம்.

ஆனால் ஏற்றிப் பார்ப்பதற்கு எதிராளியிடம் ஒரு கொக்கியாவது இருக்க வேண்டும், சுவரில் ஆணி இல்லாமல் சட்டை தொங்காது. கசோபனின் கொக்கி அவர் வயதும் படிப்பும். டோரத்தியாவுக்கு 12 வயதளவில் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். நல்ல கல்யாணம் என்றால் கணவன் ஒரு தகப்பனைப்போல இருந்து ஹீப்ரூகூடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். பார்வையற்ற மில்டனுக்குப் படித்துக்காட்டிய மகள்களைப்போலத் தானும் இருக்கலாம் என்று கிரேக்க எழுத்துப் பழகுகிறாள். பெண்ணின் மனத்துக்குள் உள்ள ஆண் உருவை யுங் அனிமஸ் என்றார். அதன் முதல் அச்சு தகப்பன். இங்கே அந்த உரு அறிவு, சொல், பொருள் ஆகியவற்றின் உருவமாக வந்து, காலியாக இருந்த ஒரு பாதிரியாரின் மேல் உட்கார்ந்துகொண்டது.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கசோபனும் ஏற்றிப் பார்க்கிறார் என்பதைத் தவறவிடுகிறார்கள். அவருக்கு வேண்டியிருந்தது தன் பேனா கீறும் ஓசையைக் கேட்டு வியக்கும் ஒரு கூண்டுப் பறவை. நாவலாசிரியர் அதற்குக் கேனரிக் குருவி என்றே உவமை சொல்கிறார். ரோமில், தேனிலவில், ஒரு காலை டோரத்தியா வெள்ளை மனதோடு கேட்கிறாள்: இவ்வளவு குறிப்பேடுகள் சேர்ந்துவிட்டனவே, இனி எழுதத் தொடங்கலாம் அல்லவா? அவள் கேட்டது உதவி செய்ய. ஆனால் அந்தக் கேள்வி, அவர் இரவில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் புதைத்துவைத்த அதே கேள்வி. குருவி அந்தக் கணத்தில் ஒற்றனாக மாறிவிடுகிறது. உலகத்தில் தன்னை எடைபோட்டுப் பார்க்கும் அத்தனை விமர்சகர்களும் இப்போது மனைவியின் முகத்தில் வந்து நிற்கிறார்கள்.

சண்டைக்கான பொறிமுறை இதுதான். ஒருவர் தன் நிழலை, அதாவது தன்னிடமிருந்தே மறைத்துவைத்ததை, எவ்வளவு கவனமாக மூடியிருக்கிறாரோ, அதைத் தற்செயலாகத் தொடுகிறவர்மேல் அவ்வளவு கோபம் வரும். தொட்டவருக்குத் தான் எதைத் தொட்டோம் என்றே தெரியாது. தொடர்ந்து மன்னிப்புக் கேட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மன்னிப்பே, அங்கே ஒன்று இருக்கிறது என்பதற்கான சாட்சி அல்லவா.

ரோம், ஐந்தாவது வாரம்

ஏற்றிய உரு எப்போது கழன்று விழுகிறது என்பதைத் தேதி போட்டுக் குறிப்பது நல்ல பழக்கம். இங்கே ரோமில் ஐந்து வாரம் ஆனபோது. இருபதாம் அத்தியாயத்தில் டோரத்தியா அறையில் தனியாக அழுகிறாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பெரிய அநியாயம் எதுவும் நடக்கவில்லை. அவள் எதிர்பார்த்த அகன்ற வெளிகளுக்குப் பதில், எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத முன்னறைகளும் சுற்றுப்பாதைகளும் மட்டுமே கணவரின் மனத்தில் இருக்கின்றன. கசோபனே அந்தச் சிறு அறைகளிலும் வளைந்த படிக்கட்டுகளிலும் தொலைந்தவர். முன்னால் மெழுகுவர்த்தியை ஊன்றிவைத்து, ஜன்னல் இல்லை என்பதையே மறந்து, சூரியத் தெய்வங்கள் பற்றிப் பிறர் எழுதியதன் ஓரத்தில் கசப்பான குறிப்பு எழுதி எழுதி, சூரிய வெளிச்சத்தின் மீதே அக்கறை போய்விட்டது அவருக்கு. தொன்ம ஆய்வு செய்யும் எவரும் மேசைமேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய படிமம்.

சுற்றிலும் ரோம் நகரம் சிதைவும் சிற்பமுமாக நிற்கிறது. புனித பேதுரு ஆலயத்தில் கிறிஸ்துமஸுக்காகத் தொங்கவிடப்பட்ட சிவப்புத் துணி கண்ணின் விழித்திரையில் பிடித்த நோய்போல எங்கும் பரவுகிறது. இந்தச் சிவப்பைக் காமத்தின் குறியீடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். நகராமல் நின்றால் தெரிவது வேறு: அது பார்வையின் நோய். பார்க்கக் கற்றுத்தருவார் என்று நம்பி ஒருவரைக் கட்டிக்கொண்டவளுக்கு, கண்ணிலேயே பிணி. ஹில்மன் பள்ளி நோய்க்கூறான படிமங்களுக்கு முன்னுரிமை கொடுப்பது இதனால்தான். அழகான படிமம் ஆசையைச் சொல்லும்; கோணலான படிமம் எங்கே வலிக்கிறது என்று சொல்லும்.

இதே இடத்தில்தான் தொன்மப் பெயர்களும் வருகின்றன, நாமாகக் கொண்டுவராமல் நாவலே கொண்டுவருகிறது. 19ஆம் அத்தியாயத்தில் வாத்திக்கன் அருங்காட்சியகத்தில், சாய்ந்து படுத்த அரியாட்னி சிலைக்கு அருகில் டோரத்தியா நிற்கிறாள். அந்தக் காலத்தில் அதைக் கிளியோபாட்ரா என்று அழைத்தார்கள் என்ற தகவலையும் எலியட் விடவில்லை. கிரேக்கத் தொன்மத்தில், மினோட்டார் என்ற காளைத்தலை மிருகம் அடைபட்ட சுருள்வழிக்குள் போகும் தீசியஸுக்கு நூல்கண்டு கொடுத்தவள் அரியாட்னி. அவனோடு புறப்பட்டு, நக்ஸோஸ் தீவில் கைவிடப்பட்டாள். மதுக் கடவுள் டயோனைசஸ் வந்து கண்டெடுத்தான். அடுத்த சில அத்தியாயங்களில் கசோபனின் இளைய உறவினன் வில் லாடிஸ்லா, இளம்பெண்களை விழுங்கும் மினோட்டார்களைப்போன்ற கொள்கைகள் பற்றியும், சிறுவயதிலேயே பாதாளத்தைக் கண்டவள்போல அவள் பேசுவது பற்றியும், கசோபனின் வீடான லோவிக் மாளிகை என்ற கல் சிறையில் அவள் உயிரோடு புதைக்கப்படப்போவது பற்றியும் பொரிந்துதள்ளுகிறான்.

அரியாட்னி, மினோட்டார், பாதாளம். மூன்று தொன்மங்கள், ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவும் இல்லை. இங்கே கசோபன் யார்? கைவிட்டுப் போன தீசியஸா, சுருள்வழியில் அடைபட்ட மிருகமா, பெண்ணைத் தூக்கிப்போன பாதாள அரசனா? ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அரிப்பு வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். அரியாட்னி படிமம் டோரத்தியாவின் உதவி வீணானதைச் சொல்கிறது. நூல்கண்டு தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ள அவர் கை நீட்டவில்லை. மினோட்டார் லாடிஸ்லாவின் கண்ணில் தெரிவது. அவன் பொறாமையும் வீரக் கனவும் அதில் கலந்திருக்கின்றன. கசோபன் ஒரு பறக்கும் நாகமாக இருந்து, சட்டச் சடங்கு எதுவுமின்றி அவளைத் தூக்கிப் போயிருந்தால் விடுவிப்பது எளிதாயிருக்குமே என்று அவன் நினைப்பதை எலியட் கிண்டலோடு எழுதுகிறார். எந்தத் தொன்மம் யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்காத வாசிப்பு, பாத்திரத்தின் கற்பனையை ஆசிரியரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

மூத்தவனும் இளையவனும்

1967இல் ஹில்மன் செனெக்ஸ், புவேர் என்ற லத்தீன் சொற்களை எடுத்துப் பேசினார். செனெக்ஸ் மூத்தவன், புவேர் இளையவன். வயதைச் சொல்லவில்லை, மனம் நிற்கும் இரண்டு விதத்தைச் சொல்கிறார். மூத்தவனின் கோள் சனி. ஐரோப்பிய மரபில் சனிக்கு ஈயம், குளிர், வறட்சி, கரும்பித்தம், பூட்டு, கணக்கு, தனிமை, தன் பிள்ளைகளையே விழுங்குதல். நம் மந்தனும் (சனிக்கு இன்னொரு பெயர்) நொண்டி நடப்பவன்தான். அந்தச் சாயல் தமிழ் வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். இளையவனுக்கு இறக்கை, வெளிச்சம், தொடக்கங்கள். முடிவு மட்டும் வராது.

கசோபனும் லாடிஸ்லாவும் இதற்குப் பாடம் எடுத்ததுபோல் இருக்கிறார்கள். லாடிஸ்லா அறைக்குள் வந்தாலே வெயில் வருகிறது, தலையைத் திருப்பினால் முடியிலிருந்து ஒளி சிதறுவதுபோல் தோன்றுகிறது. பக்கத்தில் கசோபன் கதிரற்று நிற்கிறார் என்று நாவலே ஒரே பத்தியில் எழுதிவிடுகிறது. ஆனால் லாடிஸ்லா அதுவரை எதையும் முடித்தவன் அல்ல. கொஞ்சம் ஓவியம், கொஞ்சம் கவிதை, கசோபனின் காசில் படிப்பு.

ஹில்மன் வலியுறுத்தியது, இந்த இரண்டும் ஒரே தொல்படிமத்தின் இரண்டு முகங்கள் என்பதை. பிரிந்தால் இரண்டுமே கெடும். இளையவனை இழந்த மூத்தவன் காய்ந்து, வெறும் ஒழுங்காகிறான். மூத்தவனை இழந்த இளையவன் காற்றில் அலைகிறான். நாவலில் இந்தப் பிரிவுக்கு ஒரு குடும்ப வரலாறே உண்டு. லாடிஸ்லாவின் பாட்டி ஜூலியா, கசோபனின் தாயுடன் பிறந்தவள்; சொத்தில்லாத போலந்துக்காரரை மணந்ததற்காகக் குடும்பம் அவளைத் தள்ளிவைத்தது. அவளுடைய சிறு ஓவியம் டோரத்தியாவுக்கு ஒதுக்கிய நீலப்பச்சை அறையில் தொங்குகிறது. தள்ளிவைக்கப்பட்ட உயிர்ப்பு லோவிக் மாளிகையின் சுவரிலேயே இருக்கிறது, வீட்டுக்காரர் பார்ப்பதில்லை. ரோமிலிருந்து பனிக்காலத்தில் திரும்பும் டோரத்தியாவுக்கு அந்த அறையின் சாமான்கள் சுருங்கிப்போனதாகத் தெரிகின்றன, திரைச்சீலையின் கலைமான் பேய்போல் நிற்கிறது. அந்தச் சிறு ஓவியம் மட்டும் உயிரோடு ஒளிர்கிறது.

எனவே முக்கோணக் காதல் என்ற சொல் இங்கே போதாது. மூன்றாமவர் கல்யாணத்தைக் கெடுக்க வெளியிலிருந்து வருவதில்லை. கல்யாணம் எதை வெளியே தள்ளி நிறுத்தியதோ அது ஆள் உருவில் திரும்பி வருகிறது. மோசமான கல்யாணக் கதைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: வந்து நிற்பவரிடம் இருப்பது, தம்பதி இருவரும் சேர்ந்து எப்போது கைவிட்டது?

கொள்கலனும் அடங்கியவரும்

திருமணம் பற்றி யுங் தனியாக எழுதிய கட்டுரை 1925இல் வந்தது. அதில் அவர் சொல்லும் ஒரு வேறுபாடு நாவல் வாசிப்புக்கு மிகவும் பயன்படும். தம்பதியில் ஒருவரின் மனம் பல பட்டை கொண்ட கல்போன்றது, மற்றவருடையது எளிய கனசதுரம்போன்றது. எளிய மனம் மற்றதற்குள் முழுதாக அடங்கிவிடும். பல பட்டை உள்ள மனத்துக்கோ அந்த எளிய மனத்துக்குள் இடம் போதாது. அடங்கியவர் நிம்மதியாக இருப்பார், அடக்கிவைத்திருப்பவர் ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆரம்பத்தில் தன்னை அறியாமலே, பிறகு வேண்டியே.

டோரத்தியா தான் அடங்கப்போவதாக எண்ணித்தான் கழுத்தை நீட்டினாள். பெரிய மனத்துக்குள் சிறிய அறை கேட்டாள். உள்ளே போனபின் தெரிந்தது, தன் மனம்தான் பெரிது, அவருடையது சின்னது என்று. கசோபனோ அவள் வியப்புக்குள் அடங்கி இளைப்பாறலாம் என்று வந்தவர். அந்த வியப்பில் கேள்வி இருப்பதைக் கண்டதும் அங்கேயும் தங்க முடியவில்லை. இருவருமே தங்க இடம் கேட்டு வந்தவர்கள். இடம் தர வந்தவர் யாரும் இல்லை. யுங் சொன்ன வகைப்பாட்டில் இப்படி ஒரு இணை கிடையாது. கோட்பாட்டை நாவல் மீறும் இந்த இடத்தில், கோட்பாட்டைத்தான் திருத்த வேண்டும்.

ஏன் எப்போதும் டோரத்தியா?

29ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஆசிரியர் தன் வாக்கியத்தைத் தானே வெட்டுகிறார். ஒரு நாள் காலை டோரத்தியா என்று தொடங்கி, ஏன் எப்போதும் டோரத்தியா, இந்தக் கல்யாணத்தைப் பார்க்க அவள் பார்வை ஒன்றுதானா என்று கேட்டு, கசோபனுக்குள் நுழைகிறார். தொல்படிம வாசிப்பில் பார்வையை மாற்றுவது ஒரு கட்டாயப் படி. ஒருவரை மட்டும் மனிதராகவும் மற்றவரைத் தொன்மமாகவும் வைத்தால், பின்னவருக்கு உயிர் இல்லாமல் போய்விடும். கசோபன் பூதம் இல்லை. தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற பயத்திலேயே ஒரு நாள்கூட முழுதாக மகிழாத மனிதர். அவரை யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டபோது எலியட் தன் நெஞ்சையே சுட்டிக் காட்டினார் என்று எழுத்தாளர் எஃப்.டபிள்யூ.எச். மையர்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

அதே அத்தியாயத்தில் நூலக ஏணியில் கசோபனுக்கு மூச்சு திணறுகிறது. இதயத்தில் கொழுப்புச் சிதைவு என்று மருத்துவர் லிட்கேட் பிற்பாடு சொல்கிறார். உணர்ச்சி ஓடாத மனிதருக்கு இதயநோய் என்று எழுதுவது எளிது, எழுதியதும் நாறும். கவனிக்க வேண்டியது 42ஆம் அத்தியாயம். இங்கிலாந்தில் கல்லறைத் தோட்டங்களில் வளரும் யூ மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதையில், மருத்துவரின் சொல்லைக் கேட்டுவிட்டு அவர் தனியே நடக்கிறார். டோரத்தியா வந்து கையைக் கோக்கிறாள். அவர் கை விறைப்பாக, இடம் கொடுக்காமல் இருக்கிறது. அவளுக்குக் கோபம் பொங்குகிறது. அறையில் உட்கார்ந்து அதை மணிக்கணக்கில் சுமந்து, கடைசியில் இரவு நடைக்கூடத்தில் அவருக்காகக் காத்து நிற்கிறாள். அவர் மெழுகுவர்த்தியோடு மேலே வருகிறார். நீ இளையவள், விழித்திருக்க வேண்டியதில்லை என்று மென்மையாகச் சொல்கிறார். இருவரும் கைகோத்து நடக்கிறார்கள். திறவுகோல் பூட்டியே இருக்கிறது. மெழுகுவர்த்தி ஒருமுறை, ஒரே முறை, இன்னொரு முகத்தின் மேல் வெளிச்சம் போட்டது.

சுவிஸ் உளவியலாளர் அடால்ஃப் குக்கென்பூல் கிரைக் 1976இல் திருமணம் பற்றி எழுதிய நூலில், கல்யாணத்தைச் சுகத்துக்கான ஏற்பாடு, வீடுபேற்றுக்கான வழி என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாவதில் மகிழ்ச்சி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எதிராளியோடு கடைசிவரை மோதி, அதில் தன்னை அறிவதுதான் காரியம். முகவுரையிலேயே அவிலாவின் புனித தெரேசாவை நினைவூட்டும் இந்த நாவலில் டோரத்தியா வீடுபேற்றைத்தான் தேடினாள். 42ஆம் அத்தியாயத்தின் இரவை அந்தக் கண்ணோடு படித்தால் பொருள் கூடுகிறது. ஆனால் இந்தக் கருத்தைக் கையில் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். 'உன் துன்பமே உன் ஆன்மிகம்' என்று அடிபடும் மனைவியிடம் சொல்லக்கூடிய கருத்து இது. அதற்கு எதிரான சான்றை நாவலே தருகிறது: சாகும் முன் கசோபன், தன் விருப்பப்படியே நடப்பேன் என்று வாக்குக் கேட்கிறார். எதற்கு என்று சொல்வதில்லை. அவள் ஒரு நாள் அவகாசம் கேட்கிறாள். அந்த அவகாசத்தில் அவர் அதே நடைபாதையின் சிறு மண்டபத்தில் இறந்துகிடக்கிறார். வாக்குக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள் என்பதுதான் நடுங்கவைப்பது.

சட்டத்தை மறக்கும் இடம்

தொல்படிம வாசிப்பு அதிகம் வழுக்குவது இங்கேதான். 1830 வாக்கில் இங்கிலாந்தின் பொதுச்சட்டப்படி, தனி ஏற்பாடு செய்திராத மனைவியின் உடைமையில் பெரும்பகுதி கணவன் ஆளுகைக்குள் போகும். 1857 வரை முழு மணவிலக்குக்கு நாடாளுமன்றச் சட்டமே தேவைப்பட்டது. மணமான பெண்ணின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. லோவிக்கைப் பாதாளம் என்று அழைக்கும் முன், அதன் கதவைப் பூட்டியது எது என்று பார்க்க வேண்டும். கசோபன் இறந்தபின் வெளிப்படும் உயில் இணைப்பு, லாடிஸ்லாவை மணந்தால் அவளுக்கு அவர் சொத்து கிடையாது என்கிறது. பிள்ளையை விழுங்கும் சனியின் வாய் இங்கே ஒரு சட்ட ஆவணம். படிமத்தையும் ஆவணத்தையும் சேர்த்துப் படித்தால் இரண்டுக்கும் கூர்மை வரும். ஆவணத்தை விட்டுவிட்டால் வாசிப்பு பெண்ணின் 'அனிமஸ் சிக்கலை' நோண்டிக்கொண்டிருக்கும். யுங்கின் வழிவந்த பழைய கட்டுரைகளில் வாதாடும் பெண் யாராக இருந்தாலும் அனிமஸ் பிடித்தவள் என்ற முத்திரை விழுந்தது. அதை இனி யாரும் திரும்பச் செய்யத் தேவையில்லை.

இதே நாவலில் லிட்கேட், ரோசமண்ட் என்று இன்னொரு கசந்த கல்யாணமும் உண்டு. அங்கே ஏற்றிப் பார்க்கிறவன் ஆண். கடன் நெருக்கடி, வீட்டுச் சாமான் என்று கதை போகிறது. கொல்லப்பட்டவன் மூளையில் செழிக்கும் துளசிச் செடி என்று லிட்கேட் கடைசியில் அவளைச் சொல்வது கடுமையான படிமம்தான், ஆனால் அதுவும் அவன் வாயிலிருந்து வருவது என்பதை மறக்கக் கூடாது.

டோரத்தியா சொத்தைப் பார்க்கவில்லை. கசோபன் அவளுக்கென்று தயாரித்துவைத்த ஆய்வு அட்டவணையைக் கையில் எடுத்து, நம்பிக்கை இல்லாத வேலையில் என் ஆன்மாவை உங்களுக்கு அடிமையாக்க முடியாது என்ற பொருளில் உறைக்குள் எழுதி, முத்திரையிட்டு மேசைக்குள் வைக்கிறாள். கிழித்துப் போடவும் இல்லை. 80ஆம் அத்தியாயத்தில் ஒரு முழு இரவு தரையில் கிடந்து அழுதபின் ஜன்னல் திரையை விலக்குகிறாள்; விடியலில் சாலையில் மூட்டையோடு ஒரு ஆள், குழந்தையோடு ஒரு பெண். 83ஆம் அத்தியாயத்தில் லாடிஸ்லா விடைபெற வருகிறான். வெளியே புயல். அவர்கள் இருவரும் நிற்கும் இடம் லோவிக் மாளிகையின் நூலகம், திறவுகோலுக்கான குறிப்பேடுகள் அடுக்கிவைத்திருந்த அறை. மின்னல் வெட்ட, இரண்டு குழந்தைகளைப்போலக் கைகோத்து ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள். அந்த அறையில் ஜன்னல் எப்போதும் இருந்திருக்கிறது.